டாய்லெட்டை இடம் மாற்றுவதற்கு முன் டக்ட்டைத் திறந்து பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சேலம் அழகாபுரத்தில் பழைய பிளாட், இரண்டாவது மாடி. பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. ஜன்னல் ஓரத்தில் இந்தியன் டாய்லெட், கதவுப் பக்கம் குளிக்கிற இடம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், இனி குத்தவைத்து உட்கார முடியாது. அதனால் வெஸ்டர்ன் வைக்க வேண்டும், அதுவும் கதவுப் பக்கத்துக்கு மாற்றி, சுவரில் தொங்குகிற மாடலாக. குளிக்கிற இடத்தை ஜன்னல் பக்கம் தள்ளிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "தரையை 6 இன்ச் ஏத்திட்டா எங்க வேணா வெச்சுக்கலாம்ங்க" என்று சொல்லியிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டு சீலிங்கில் ஓதம் அடிக்கிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டார். டைல்ஸ் பார்த்து வைத்தாயிற்று, அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள், இப்போது வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் சேலத்திலும் ஏற்காட்டிலும் கட்டட வேலை பார்த்து நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பாத்ரூம் வேலையில் டைல்ஸ்தான் கடைசி முடிவு. முதல் முடிவு மலக்குழாய் எந்த வழியாக வெளியே போகப் போகிறது என்பது. அது தெரிந்தால் டாய்லெட்டின் இடம் தெரியும், டாய்லெட்டின் இடம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக உட்காரும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் கமோடு வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் குழாய்க்கு வழி தேடுகிறார்கள்.

அந்த 6 இன்ச் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அம்மாவின் முழங்காலுக்காகத்தான் இந்த வேலையே. அந்த அம்மா இனி ஒவ்வொரு தடவையும் ஈரக்காலோடு 6 இன்ச் படி ஏறி இறங்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவதற்கு இந்த மாதிரி இடமே போதும். இது ஒன்றே போதும் அந்த யோசனையைக் கைவிட. ஆனாலும் எடைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 40 சதுர அடித் தரையை அரை அடி ஏற்றினால் 20 கன அடி நிரப்ப வேண்டும். செங்கல் ஜல்லியும் கலவையும் போட்டு நிரப்பினால் கிட்டத்தட்ட 900 கிலோ வரும். முப்பது வருஷப் பழைய ஸ்லாபின் மேல், டைல்ஸும் தண்ணீரும் ஆளும் போக, கூடுதலாக ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதை யாரும் ஏற்றக் கூடாது.

பிளம்பர் ஏன் ஏற்றச் சொன்னார் என்றால், குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு வேண்டும். 4 இன்ச் குழாய், அதாவது 110 மி.மீ. பைப், 40 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் இறங்க வேண்டும். ரொம்ப நெருக்கடியான இடத்தில் 60-க்கு 1 வரை போகலாம், அதற்கும் கீழே போனால் அடைப்பு வர வாய்ப்பு அதிகம். கதவுப் பக்கச் சுவரிலிருந்து, ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்குகிற டக்ட் வரை 8 அடி. அதற்கு 60 மி.மீ. இறக்கம், குழாயின் தடிமன் 110, மேலே கலவையும் டைல்ஸும் ஒரு 50. கூட்டினால் 220 மி.மீ. ஆகிறது, இதில் பெண்ட் திரும்புகிற உயரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. உங்கள் பாத்ரூமுக்கு ஒரு அடி ஆழமுள்ள சங்கன் ஸ்லாப், அதாவது தாழ்த்திப் போட்ட ஸ்லாப் இருந்தால், முக்கி முனகி இதைச் செய்துவிடலாம். அது இல்லை என்று நினைத்துத்தான் அவர் தரையை ஏற்றப் பார்க்கிறார் போல.

சங்கன் இருக்கிறதா இல்லையா என்பதை உடைக்காமலே கண்டுபிடிக்கலாம். உங்கள் பாத்ரூமில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்வீட்டுக்காரர் பாத்ரூமின் அடிவயிறுதான் உங்கள் சீலிங், மாடிக்கு மாடி பிளான் ஒன்றேதான். பெட்ரூம் சீலிங்கை விட பாத்ரூம் சீலிங் ஒரு அடி தாழ்ந்திருந்தால் கட்டடத்தில் சங்கன் உண்டு. பரண் மறைத்திருந்தால் பரணுக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மட்டம், உங்கள் இந்தியன் டாய்லெட்டும் ஒரு படி ஏறிப் போகிற மேடையில் இருக்கிறது என்றால், சங்கன் இல்லை, அந்த மேடைக்குள்தான் ட்ராப்பை, அதாவது நாற்றம் வராமல் தண்ணீர் நிற்கிற வளைவுக் குழாயை, ஒளித்திருக்கிறார்கள். மூன்றாவது வகையும் உண்டு. மேல்வீட்டு ட்ராப்பும் குழாயும் உங்கள் தலைக்கு மேலே வெளிப்படையாகத் தொங்கும். அப்படியானால் உங்கள் குழாய் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலே இருக்கிறது, அவர் கதவைத் திறந்துவிட்டால்தான் உங்கள் வேலையே நடக்கும்.

அடுத்து டக்ட். ஜன்னலுக்கு வெளியே காற்றும் குழாயும் போகிற அந்தக் குறுகல் சந்து. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, புறா எச்சமும் உடைந்த டைல்ஸ் துண்டுமாகக் கிடக்கும். அதில் மேலிருந்து கீழே எத்தனை குழாய் வருகிறது என்று எண்ணுங்கள். பழைய பிளாட்டுகளில் பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று மலக்குழாய், டாய்லெட்டிலிருந்து செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்கோ போவது. இன்னொன்று குளிக்கிற, துவைக்கிற தண்ணீர், கீழே கல்லி ட்ராப் தொட்டி வழியாகத் தனியாகப் போவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பருமனாக, ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அஸ்தம்பட்டியில் ஒரு பிளாட்டில் இதனால் வந்த கூத்தை நேரில் பார்த்தேன். மூன்றாவது மாடியில் டாய்லெட்டை இரண்டடி நகர்த்தி வேலையை முடித்துவிட்டார்கள், எனக்கு அதில் சம்பந்தமில்லை. ஒரு மாதம் கழித்துத் தரைத்தள வீட்டுக்காரப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த கல்லி ட்ராப் மூடியைத் திறந்தேன். சோப்புத் தண்ணீர் மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் மலம் மிதந்துகொண்டிருந்தது, ஓரமெல்லாம் புழு. கிட்டே இருந்த குழாய் எதுவோ அதில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார் அந்த பிளம்பர். புது டைல்ஸை உடைத்து மறுபடி செய்தார்கள். அதைவிட, அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு மாதமாக ஜன்னலைத் திறக்காமல் சமைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னால் மறக்க முடியாதது.

உங்கள் வீட்டில் எது எது என்று பார்க்க ஒரு சொட்டு நீலம் பாட்டில் போதும். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி டாய்லெட்டில் ஊற்றுங்கள். கீழே தொட்டி மூடிகளைத் திறந்துவைத்து ஒருவர் நிற்கட்டும். நீலம் எந்தத் தொட்டியில் வந்ததோ அதுதான் மலக்குழாயின் வழி. குளிக்கிற இடத்துத் தண்ணீருக்கு மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. அப்படியே டக்ட்டில் இருப்பது பிவிசி குழாயா, பழைய வார்ப்பிரும்புக் குழாயா என்றும் பார்த்துவையுங்கள். வார்ப்பிரும்பில் பிவிசியை நேராகச் சொருகி சிமெண்ட் பூசக் கூடாது, அதற்கென்று ரப்பர் கப்ளர் இருக்கிறது. சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் அதை அறுக்கவே விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அந்தத் துண்டை முழுசாகக் கழற்றி மாற்றச் சொல்லி சங்கத்தில் பேசுங்கள். டக்ட்டில் இருப்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான குழாய், நீங்களாகத் துளை போட உங்களுக்கு உரிமை கிடையாது, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

சரி, சங்கன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் உங்கள் ஆசையில் முக்கால்வாசி நடக்கும். டாய்லெட்டைக் கதவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகாமல் நீளச் சுவரின் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள், டக்ட்டிலிருந்து சுமார் 4 அடி. தொங்கு கமோடு கேட்டிருக்கிறீர்கள், அதுதான் இங்கே கைகொடுக்கிறது. அதன் கழிவு வாய் தரையில் இல்லை, சுவரில், தரையிலிருந்து ஏறக்குறைய 22 செ.மீ. உயரத்தில். ஆகவே குழாய் தரைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. நீளச் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு, 7, 8 இன்ச் தடிமனில் ஒரு குட்டைச் சுவர் எழுப்புங்கள். ஃப்ளஷ் டேங்கின் இரும்பு ஃபிரேமும் மலக்குழாயும் அதற்குள்ளேயே போய்விடும். 4 அடிக்கு 30 மி.மீ. இறக்கம், தரைக்கு மேலேயே கிடைக்கிறது. சுவர் வழியாக டக்ட்டுக்குள் போய் மலக்குழாயில் சேரும். அந்தக் குட்டைச் சுவரின் தலையில் கிரானைட் போட்டால் ஷாம்பு, சோப்பு வைக்க இடமும் ஆயிற்று. கட்டுவதற்கு ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக்குமிழ் உள்ள லேசான சிமெண்ட் கல் போதும். 5 அடி அகலத்தில் 8 இன்ச் போனாலும், கமோடு 21 இன்ச் நீட்டிக்கொண்டு நின்றாலும், முன்னால் இரண்டரை அடி மிஞ்சுகிறது. அது தாராளம்.

டாய்லெட் நடுவில் வந்ததும் கதவுப் பக்கம் வாஷ் பேசின், ஜன்னல் பக்கம் குளிக்கிற இடம் என்று அமைந்துவிடும். அம்மா கதவிலிருந்து டாய்லெட் வரை ஈரமில்லாத தரையில் நடக்கலாம். குளிக்கிற தண்ணீருக்கு டக்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அந்தக் குழாய்க்கும் பெரிய இறக்கம் தேவைப்படாது. நான் பார்த்த வரையில் 5-க்கு 8 பாத்ரூமுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

ஒரு எச்சரிக்கை. நாலரை இன்ச் செங்கல் சுவரைக் குடைந்து ஃப்ளஷ் டேங்கை உள்ளே புதைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சுவரில் மீதி ஒன்றும் இருக்காது. அதேபோல டக்ட்டுக்குப் போகிற வழியில் பீம் குறுக்கே வந்தால் குழாயைத்தான் திருப்ப வேண்டும். பீமில் துளை போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

குழாய் விஷயத்தில் இன்னும் சிலது. பைப் வாங்கும்போது ஐ.எஸ். 13592 முத்திரையில் பி டைப் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஏ டைப் மழைத்தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ளது, விலை குறைவு என்று அதைக் கொண்டுவந்து இறக்குவார்கள். 90 டிகிரி பெண்ட் ஒன்று போடுகிற இடத்தில் 45 டிகிரி இரண்டு போட்டால் கழிவு தயங்காமல் போகும். திரும்புகிற இடத்தில், டக்ட் பக்கமாக, திறந்து சுத்தம் செய்கிற டோர் பெண்ட் ஒன்று கட்டாயம். இப்போதைய டேங்குகள் 3 அல்லது 6 லிட்டர்தான் விடும், பழைய டேங்க் மாதிரி 10 லிட்டர் கிடையாது. அந்தக் கொஞ்சத் தண்ணீர் கழிவை நீண்ட தூரம் தள்ளிக்கொண்டு போகாது. டாய்லெட்டை டக்ட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்றம் ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தரைத் தண்ணீர் போகிற நஹானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு இன்ச் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு அந்தத் தண்ணீர்தான். மேலே மூன்று வீட்டில் ஒரே சமயத்தில் ஃப்ளஷ் செய்தால், இறங்குகிற தண்ணீர் பின்னாலிருக்கும் காற்றையும் சேர்த்து இழுக்கும். மொட்டை மாடிக்கு மேலே திறந்த வாயோடு நிற்கிற வென்ட் குழாய் அந்தக் காற்றைக் கொடுக்க வேண்டும். அது இல்லை, அல்லது அடைத்துக் கிடக்கிறது என்றால், உங்கள் ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடும். களக் களக் என்று ஒரு சத்தம் கேட்கும், அடுத்த நிமிஷம் நாற்றம். மொட்டை மாடிக்கு ஒரு நடை போய் வென்ட் குழாய்த் தொப்பியைப் பார்த்துவிட்டு வாருங்கள். குளவிக்கூடு அடைத்த தொப்பியை நானே கழற்றியிருக்கிறேன். ஊருக்குப் போய் ஒரு மாதம் வீட்டைப் பூட்டினாலும் சேலத்துச் சித்திரை வெயிலுக்கு ட்ராப் தண்ணீர் வற்றிவிடும். கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போனால் சீக்கிரம் ஆவியாகாது.

இனி கீழ்வீட்டு ஓதம். உடைப்பதற்கு முன் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புது பாத்ரூமுக்கு அடியில் பழைய ஒழுகல் தொடரும். உங்கள் பாத்ரூமை மூன்று நாள் உபயோகிக்காமல், டேப்புக்குப் போகிற வால்வை மட்டும் திறந்துவைத்து இருங்கள். அப்போதும் கீழே சொட்டினால் தண்ணீர் வருகிற குழாயில் ஓட்டை. நின்றுவிட்டால் போகிற குழாயிலோ தரையிலோ குறை. அநேகமாக இரண்டாவதாகத்தான் இருக்கும், இந்தியன் டாய்லெட்டின் கழுத்தும் ட்ராப்பும் சேருகிற இடத்தில் வைத்த சிமெண்ட் விண்டுபோயிருக்கும்.

உடைத்ததும் நீங்கள் பார்க்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். இந்தியன் டாய்லெட் பீங்கானைச் சுற்றி நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லி கருப்பாக, ஊறிப்போய் இருக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடியும். அத்தனையையும் மூட்டை கட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள், "காஞ்சிடும்ங்க, மேலயே போட்டுக்கலாம்" என்பதைக் கேட்காதீர்கள். பழைய ட்ராப்பையும் எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடுகிறவர்கள் நிறையப் பேர், கரப்பான் பூச்சி அந்த வழியாகத்தான் வாழ்நாள் முழுக்க வரும். டக்ட்டில் அந்தக் குழாய் சேருகிற வாயைப் புது டாய்லெட்டுக்கே பயன்படுத்த முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் மூடி போட்டு ஒட்டி அடையுங்கள்.

பிறகு வாட்டர் ப்ரூஃபிங். ஸ்லாபைச் சுத்தமாகக் கழுவி, சுவரும் தரையும் சேருகிற மூலையெல்லாம் கலவையால் உருட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. சுவரில் ஒரு அடி ஏற்ற வேண்டும், குளிக்கிற இடத்தில் தலைக்கு மேல் வரை. குழாய் வெளியே வருகிற துளைகளைச் சுற்றித்தான் அதிகக் கவனம் வேண்டும், பத்துக்கு எட்டு ஒழுகல் அங்கேதான் என்பது என் அனுபவம். சேலத்தில் கோடை நாளில் செய்தால் காலை வெயிலுக்கு முன் பூசி, அந்தந்த மருந்து டப்பாவில் சொல்லியபடி ஈரம் காட்டுங்கள், இல்லாவிட்டால் வேகமாகக் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும். ஏற்காட்டில் நேர் எதிர். ஐப்பசி மூடுபனியில் முதல் கோட் காய நான் மூன்று நாள் காத்திருந்திருக்கிறேன்.

காய்ந்ததும் தண்ணீர் போகிற குழாய் வாயையெல்லாம் அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். அந்த இரண்டு நாளும் கீழ்வீட்டுக்காரரையே அவர் சீலிங்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கும் நம்பிக்கை வரும், நாளைக்குச் சண்டை வராது. குழாய்களையும் இதேபோல் வாயடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்த பிறகே மூட வேண்டும். மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் கைப்பிடிக் கம்பிக்குத் துளை போடுகிறவன் குழாயில் போடாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி. கைப்பிடிக் கம்பி சொன்னதால் ஞாபகம் வருகிறது, கமோடு பக்கத்தில் அம்மா பிடித்து எழ ஒரு கம்பி அவசியம். உட்காரும் உயரம் 17, 18 இன்ச் வருகிற மாதிரி ஃபிரேமை ஏற்றி மாட்டச் சொல்லுங்கள், முழங்கால் வலிக்கு அது எவ்வளவோ சுகம். கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது.

நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும், வாளி ஓரத்தில் வெள்ளைப் பூத்துவிடும். அந்த உப்பு, சுவருக்குள் மூடி வைத்த ஃப்ளஷ் டேங்கின் வால்வுக்குள்ளும் படியும். அதனால் பட்டன் தகட்டைக் கழற்றினால் கை உள்ளே போய் வால்வை எடுக்க முடிகிற மாடலாக, உதிரிபாகம் சேலத்திலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். காவிரித் தண்ணீர் தொட்டி தனியாக இருந்தால் ஃப்ளஷ் டேங்குக்கு அதிலிருந்து ஒரு லைன் எடுப்பது நல்லது. கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டைத் தின்றுவிடும், செப்டிக் டேங்காக இருந்தால் அதில் கழிவை மக்கவைக்கும் கிருமிகளையும் கொன்றுவிடும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டால் போதும்.

டைல்ஸ் கடைசியில் வருகிறது. வழவழப்பில்லாதது வாங்குங்கள், ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒட்டி முடிந்த அன்று ஒரு குவளைத் தண்ணீரைக் கதவருகில் கொட்டிப் பாருங்கள், ட்ராப்புக்கு ஓடினால்தான் கொத்தனாருக்கு மீதிப் பணம்.

மொத்தம் 15 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் 5, 6 நாள் யாரும் வேலை செய்யாமல் காய்வதற்கும் தண்ணீர் கட்டுவதற்குமே போகும், ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். அந்த நாட்களில் அம்மாவை வேறு வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. நாளைக்குக் காலையில் டைல்ஸ் கடைக்குப் போவதற்குப் பதில் சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள், போகிற வழியில் கீழ்வீட்டுக் கதவையும் தட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.